காவலரின் இழுப்பறை

எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி.
கீழே இறைச்சிக் கடை. அதை ஒட்டி
காவலர் பராசாவின் மேசை.
மேலே வர வேண்டுமென்றால்
அடையாள அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுக்
கயிறு கோத்த வில்லையொன்றைக்
கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.
நைரோபியில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான்.

எங்களைத் தேடி வருகிறவர்கள்
அட்டை இல்லாதவர்கள்.

சிரிக்கலாம்.
நாங்கள் முதல் வருடமே சிரித்து முடித்துவிட்டோம்.

ஆகவே நான் இறங்கிப் போகிறேன்.
நெகேசா மண்டாசி பொரிக்கும் குடையடியில்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
மனித உரிமை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது,
எலும்பு வெட்டும் சத்தத்தை மீறக்
குரலை உயர்த்திக்கொண்டு.

செபித் கிபேராவில் பிறந்தவன்.
அவன் அப்பா மர்ஜானும் அங்கேதான்.
நூபியன் என்றதும் தனி வரிசை, தனிக் குழு.
உன் தாத்தா இங்கே செத்தார் என்பதற்கு
என்ன சாட்சி என்று கேட்டார்கள்.
"கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன்,
நீங்களே எழுப்பிக் கேளுங்கள்" என்றானாம்.
அந்த ஒரு வாக்கியத்துக்குப்
பதினோரு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

எங்களுக்குப் பணம் தருகிறவர்கள் இருவர்.
ஒருவர் கடிதம்: இந்தக் காலாண்டில்
எத்தனை பேருக்கு அட்டை வாங்கித் தந்தீர்கள்?
இன்னொருவர் கடிதம்: எல்லோர் தலையிலும்
எண்ணைக் கட்டுகிற புதிய சட்டத்தை
எவ்வளவு தூரம் தடுத்தீர்கள்?
இரண்டுக்கும் ஒரே மாலையில் பதில் எழுதுவேன்,
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
ஒருமுறை உறை மாறிப் போய்விட்டது.
இருவருமே நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள்.

வழக்கறிஞர் ஒயேங்கா நீதிமன்றத்தில் சொன்னார்:
"கட்டாயம் என்று எழுதும்போதே
யாரை வெளியே நிறுத்தலாம் என்றும்
சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்."
நல்ல வாக்கியம். குறித்துக்கொண்டேன்.
எதிர்த்தரப்பு எழுந்து,
பசித்தவனுக்கு அரிசி போய்ச் சேர
அவன் யாரென்று தெரிய வேண்டாமா என்றது.
அதுவும் மோசமான வாக்கியம் இல்லை.
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் செபித் கேட்டான்:
"அட்டை வேண்டாம் என்று வாதாடுகிறீர்களாமே."
கட்டாயம்தான் வேண்டாம் என்றேன்.
"உங்களிடம் இருக்கிறதா?"
இழுப்பறையில், என்றேன்.
தேநீரின் ஆடையை விரலால் எடுத்து
நாற்காலிக் காலில் துடைத்தான்.
"இருக்கிறவர்களுக்குத்தான்
வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது."
நெகேசா மண்டாசியைத் திருப்பிப் போட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் அவனுக்கு அட்டை வந்தது.
பெயரில் ஓர் எழுத்து குறைந்து,
பிறந்த நாள் ஜனவரி ஒன்று என்று.
"புதுவருடத்தில் பிறந்தவன் ஆகிவிட்டேன்,
அதுவும் இனாம்" என்று சொல்லிக்கொண்டே
பராசாவிடம் நீட்டினான்.
கிழவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எல்லோருடையதோடும் போட்டார்:
சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று,
கணக்காளர், பல் மருத்துவர், நான், செபித்.

முதல்முறை மூன்றாம் மாடி.
சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகப் படித்தான்.
பிறகு, தானும் மனுதாரராகச் சேர்கிறேன் என்றான்,
கட்டாய எண்ணுக்கு எதிரான வழக்கில்.
நான்தான் தட்டச்சு செய்தேன் அந்த உறுதிமொழியை:
கீழே கையெழுத்திடும் நான்,
அடையாள அட்டை எண்...
அங்கே விரல் நின்றது.
எண் இல்லாமல் அந்தத் தாள் செல்லாது.

"சொல்லட்டுமா?" என்றான்.
வந்து ஆறு நாள்தான், மனப்பாடம்.
எட்டு இலக்கங்களையும் மெதுவாகச் சொன்னான்,
தூங்கும் குழந்தையின் பெயரைச் சொல்வதுபோல.
நடுவில் இருமுறை ஜன்னலுக்குப் போய்
கீழே எட்டிப் பார்த்தான்.

கையெழுத்துப் போட்டதும்
தேநீர் வேண்டாம் என்றான்.
இரண்டிரண்டு படிகளாக இறங்கிப் போனான்
இழுப்பறை பூட்டுவதற்கு முன்.